காட்டுக்குள் கார் சக்கரங்கள்: சின்ன ஸ்கீ மலைகளை மூடியது பனிக்குறைவா?

3 டிசம்பர் 2024, மாலை 6:40 (இழையைத் தொடங்கிய கேள்வி)

வணக்கம். ஆகஸ்டில்தான் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிவந்தோம். வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் நடக்கும்போது ஒரு சரிவில் விசித்திரமான ஒன்றைப் பார்த்தேன். பெரிய மரங்களின் தண்டில், என் தலைக்கு மேலே, பழைய கார் சக்கரங்களை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். டயர் கிடையாது, வெறும் இரும்பு வட்டு. வரிசையாக நான்கு மரங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். "சின்ன வயதில் நாங்கள் ஸ்கீ பண்ணிய மலை அது" என்றார். பருவநிலை மாறிப் பனி குறைந்ததால்தான் இந்தச் சின்ன மலைகள் எல்லாம் மூடப்பட்டன என்று நினைக்கிறேன். சரிதானே? இதன் வரலாறு தெரிந்த யாராவது சொல்லுங்கள்.

3 டிசம்பர், இரவு 9:55

சரியில்லை தம்பி. அவற்றில் பெரும்பாலானவை 1960-களிலிருந்து 80-களுக்குள் மூடியவை. அப்போது இங்கே நல்ல பனி பெய்துகொண்டிருந்தது. நான் பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. அதில் 11 குளிர்காலம் ஒரு சின்னக் குன்றில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் பார்த்தது ரோப் டோ, அதாவது பனிச்சறுக்குக்காரர்களை மலைமேல் இழுத்துப்போகும் ஓடும் கயிறு. கயிறு ஓடுவதற்கான கப்பிகள்தான் அந்தச் சக்கரங்கள். கப்பி தனியாக வாங்கக் காசில்லாத காலம், பழைய கார்தான் கடை. சக்கரம் கப்பியாகும், இன்ஜின் கயிற்றை இழுக்கும். அமெரிக்காவின் முதல் ரோப் டோவும் அப்படித்தான் வந்தது. 1934 ஜனவரியில், வெர்மான்ட்டின் உட்ஸ்டாக் ஊரில், கில்பர்ட் என்ற விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில் ஃபோர்டு மாடல் டி இன்ஜினை வைத்து ஓட்டினார்கள். அதற்கு முன்னால் ஸ்கீ என்றால் ஒரு மணி நேரம் ஏறு, இரண்டு நிமிடம் இறங்கு. கயிறு வந்த பிறகுதான் ஒரே நாளில் இருபது முப்பது தடவை இறங்க முடிந்தது. கண்ட இடத்தில் எல்லாம் கயிறு கட்டினார்கள். மாட்டுப் பண்ணையின் பின்சரிவு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேடு, எதையும் விடவில்லை.

நியூ இங்கிலாந்தில் (நம் இரண்டு மாநிலங்களும் சேர்ந்த வடகிழக்குப் பகுதி) இப்படித் தொலைந்துபோன மலைகளை 1998 முதல் ஒரு திட்டமாகவே பட்டியலிட்டு வருகிறார்கள். 600-க்கு மேல் போய்விட்டது. உங்களுடையதும் அதில் இருக்கும், பாருங்கள்.

4 டிசம்பர், காலை 6:10

ஒரு திருத்தம். முதல் ரோப் டோ என்று நேற்று எழுதியது அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். வட அமெரிக்கா என்று எடுத்தால் கனடாவின் கியூபெக்கில், ஷாபிரிட்ஜில் இருந்ததுதான் முந்தியது. தூக்கத்தில் எழுதினால் இப்படித்தான்.

4 டிசம்பர், இரவு 10:30

கயிறு எப்படி இழுக்கும், கை வலிக்காதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வலிக்கும்.

வடம் மாதிரித் தடிமனான கயிறு, இடுப்பு உயரத்தில், நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போய் நின்று, ஸ்கீ இரண்டையும் நேராக வைத்துக்கொண்டு, கயிற்றைக் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட வேண்டும். பிறகு மெதுவாக இறுக்க வேண்டும். சட்டென்று பிடித்தால் தோள் போய்விடும். முதல் நாள் நான் கம்பளிக் கையுறையோடு போனேன். மூன்றாவது தடவையிலேயே உள்ளங்கைப் பக்கம் காணாமல் போய்விட்டது. அங்கே நின்ற ஒரு பாட்டி, தன் பையிலிருந்து எருமைத்தோல் மாதிரி கெட்டியான தோலுறை ஒன்றை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் மாட்டிவிட்டார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயதிருக்கும். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பனி உருகும் நாளில் கயிறு தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். நடுவில் ஆள் இல்லாவிட்டால் தரையிலேயே கிடக்கும், தூக்கவே முடியாது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் போய்க் கயிற்றைத் தூக்கிக் கொடுப்பார். என் மகள் ஆறு வயதில் அப்படித்தான் ஏறினாள், யாரோ ஒரு தாத்தாவின் முதுகைப் பார்த்தபடியே.

ஆபத்தும் உண்டு. கயிறு ஓடும்போது முறுக்கிக்கொண்டே போகும். தொங்கும் சால்வை, நீளமான முடி, மேல்சட்டை நாடா எதுவும் சிக்கலாம். உச்சியில் ஒரு கம்பியைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். ஆள் இறங்காமல் அதில் இடித்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். எங்கள் குன்றில் காலையில் கதவு திறக்கும் முன் அந்தக் கம்பியைச் சோதிப்பதுதான் முதல் வேலை. நான் நிற்கும் நாட்களில் இரண்டு தடவை சோதிப்பேன்.

(எங்கள் குன்றின் பெயரைக் கேட்டுத் தனிமடல் வந்திருக்கிறது. வேண்டாமே. ஊர் சின்னது, ஆள் தெரிந்துவிடும்.)

7 டிசம்பர், மாலை 4:15

சரி, ஏன் மூடினார்கள்? ஒரே காரணம் சொல்ல முடியாது, ஆனால் எது எந்த வரிசையில் வந்தது என்று சொல்ல முடியும்.

முதலில் சாலை. ஐ-89, ஐ-91 நெடுஞ்சாலைகள் வந்ததும் பாஸ்டன்காரர் உங்கள் குன்றைத் தாண்டிக்கொண்டு பெரிய மலைக்கே நேராகப் போய்விட்டார். அங்கே நாற்காலி லிஃப்ட் இருந்தது. நாற்காலி லிஃப்ட்டின் கதை தெரியுமா? 1936-இல் ஐடஹோவின் சன் வேலியில் முதன்முதலாக வைத்தார்கள். அதை வடிவமைத்த யூனியன் பசிபிக் ரயில்வே பொறியாளர், அதற்கு முன்பு வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றக் கொக்கி வரிசை அமைத்தவர். தார் தொங்கிய இடத்தில் ஆளைத் தொங்கவிட்டார். அதில் ஒருமுறை உட்கார்ந்து போனவன் மறுபடி கயிற்றைப் பிடிப்பானா?

அடுத்து பெட்ரோல். 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாடும் 1973-74-இன் பனிக்குறைவும் ஒன்றாக வந்தன. அதன்பின் 1979-80. அந்தக் குளிர்காலத்தில் வடகிழக்கில் பனியே சரியாக இல்லை. லேக் பிளாசிடில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலேயே செயற்கைப் பனியைப் போட்டுத்தான் நடத்தினார்கள், ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாக. அங்கே உலகமே பார்க்கிற போட்டி, இயந்திரம் வந்தது. இங்கே பண்ணைச் சரிவில் யார் வாங்கித் தருவார்கள்?

மூன்றாவது காப்பீடு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெர்மான்ட்டின் ஒரு பெரிய மலையில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பாதையில், பனிக்கடியில் இருந்த புதரில் சிக்கி விழுந்த இளைஞர் ஒருவருக்குக் கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போனது. 1977-இல் ஜூரி 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த இளைஞருக்கு அது நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பிறகு காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்தை ஆடுபவரே ஏற்கிறார் என்று 1978-இல் மாநிலம் சட்டம் போட்டும், சனி ஞாயிறு மட்டும் கயிறு ஓட்டிய குடும்பங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஆக, பனி குறைந்த வருடங்கள் தள்ளிவிட்டன, உண்மை. ஆனால் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது வேறு காரணங்கள்.

8 டிசம்பர், இரவு 8:05

"அந்தப் பனி இயந்திரத்தை அவர்களும் வாங்கியிருக்கலாமே?"

நல்ல கேள்வி. கனெக்டிகட்டில் மோஹாக் என்று ஒரு மலை. 1949-50 குளிர்காலத்தில் பனியே இல்லை. அதை நடத்தியவர் லாரி லாரியாக ஐஸ் கட்டி வரவழைத்து, உடைத்துச் சரிவில் கொட்டினார். அதே 1950-இல், அதே மாநிலத்தின் டே என்ற கம்பெனியில் ஸ்கீ செய்துகொண்டிருந்த மூவர், ஸ்கீ விற்காமல் கிடந்த அந்தப் பனியற்ற பருவத்தில், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரையும் தோட்டத்துக் குழாயையும் ஒரு மூக்குக்குழலில் சேர்த்து ஊதிப் பார்த்தார்கள். காலையில் பனி கிடந்தது. இன்று உலகம் முழுக்க ஓடும் பனித் துப்பாக்கியின் ஆரம்பம் அதுதான்.

தத்துவம் எளிது. தண்ணீரை அழுத்தக் காற்றால் நுண்துளிகளாகச் சிதறடிக்க வேண்டும். தரையைத் தொடும் முன் துளி உறைய வேண்டும். வெளியே மைனஸ் இருந்தால் மட்டும் போதாது, காற்றில் எவ்வளவு ஈரம் என்பதும் முக்கியம். காற்று வறண்டிருந்தால் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயும் பனி செய்யலாம். ஈரக் காற்றில் மைனஸ் ஒன்றில்கூட வெறும் மழைதான் விழும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் பனி போட ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர் தண்ணீர். பத்து ஏக்கர் குன்றில் இரண்டடி போட 1 கோடியே 20 லட்சம் லிட்டர். அதற்குக் குளம் வேண்டும், பம்பு வேண்டும், உறையாத ஆழத்தில் குழாய் புதைக்க வேண்டும், இரவெல்லாம் ஓடும் கம்ப்ரஸருக்கு மின்சாரமோ டீசலோ வேண்டும். குன்றின் மொத்த வருமானத்தைவிட மின்கட்டணம் அதிகமாகும். வாங்கியவர்கள் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். கடனை அடைக்கக் கூட்டம் வேண்டும். கூட்டம் வர நாற்காலி லிஃப்ட் வேண்டும். அதற்கு மறுபடி கடன். பனி இயந்திரம் பல மலைகளைக் காப்பாற்றியது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வாங்கியதாலேயே மூழ்கியவர்களும் இருக்கிறார்கள்.

14 டிசம்பர், பகல் 2:20

கடன் என்றதும் அஸ்கட்னி ஞாபகம் வந்தது. அதை எழுதாமல் இந்த இழை முடியாது.

தென்கிழக்கு வெர்மான்ட்டில் தனியாக எழுந்து நிற்கும் மலை, 3,144 அடி. எந்தத் தொடரிலும் சேராமல், தாய்வீட்டை விட்டு வந்து தனிக்குடித்தனம் போட்டது மாதிரி இருக்கும். 1940-களில் கயிற்றில் தொடங்கியது. பிறகு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி வளர்ந்தது. ஹோட்டல், குடியிருப்பு, உச்சியை நோக்கி நால்வர் உட்காரும் அதிவேக லிஃப்ட், 1,800 அடி இறக்கம். விரலுக்கேத்த வீக்கம் என்பார்களே, இது விரலைவிட வீங்கிவிட்டது. 2010-இல் மூடினார்கள்.

மூடிய பிறகு ஒருமுறை போயிருந்தேன். அதிவேக லிஃப்ட்டைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அது நியூ ஹாம்ப்ஷயரின் கிராட்செட் மலைக்குப் போய் 2012-இல் அங்கே ஓடத் தொடங்கியது. (தம்பி, நீங்கள் அங்கே ஏறினால் உட்காருவது அஸ்கட்னியின் நாற்காலியில்.) தூண்கள் நின்ற இடத்தில் சிமென்ட் மேடைகள் மட்டும். அடிவாரத்து ஊர்க் கடையும் மூடிக் கிடந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி நாயோடு நடந்துகொண்டிருந்தாள். "நான் இங்கேதான் நடக்கவும் சறுக்கவும் பழகினேன், இரண்டும் ஒரே வருடம்" என்றாள். திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு அழுகையாக வந்தது. நான் பிறந்த மண் இல்லை, நான் பழகிய மலையும் இல்லை. ஆனாலும் வந்தது.

அந்த ஊர் வெஸ்ட் விண்ட்சர். ஜனத்தொகை 1,300 சுமார்தான். அவர்கள் இன்னொரு ரிசார்ட் முதலாளியைத் தேடவில்லை. பொது நில அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து, ஊரே ஓட்டுப் போட்டு, 2015-இல் அந்த நிலத்தை வாங்கி ஊர்க்காட்டோடு சேர்த்துவிட்டார்கள். அஸ்கட்னி அவுட்டோர்ஸ் என்று லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்று தொடங்கினார்கள். எதைக் கொண்டு ஆரம்பித்தார்கள் தெரியுமா? ரோப் டோ. அதிவேக லிஃப்ட் போன மலையில் மறுபடி கயிறு! பின்னர் ஒரு டி-பார் (தலைகீழ் T வடிவக் கம்பியால் ஆளை இழுக்கும் லிஃப்ட்) வந்தது. லிஃப்ட் எட்டும் உயரம் பழையதில் கால்வாசிதான். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் ஸ்கீயின் அடியில் பிடிப்புத் துணியை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலில் ஏற வேண்டும். பனி பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் நிற்கும். யாருக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு ஊரே சேர்ந்து வடம் பிடிப்பதை இவ்வளவு தூரத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

14 டிசம்பர், இரவு 11:40

பகலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். சின்னதாக இருந்தால் பிழைக்கும் என்று சொல்வது போல ஒலிக்கிறது. அது தப்பு. அந்த 600-உம் பெரும்பாலும் சின்னவைதானே! அளவு காரணமில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

22 டிசம்பர், காலை 9:30

யோசித்தேன். வெர்மான்ட்டின் மேட் ரிவர் கிளென் என்ற ஸ்கீ மலை என் பழைய கருத்தை உடைக்கிறது. அது சின்ன மலை இல்லை, 2,000 அடி இறக்கம். 1948-இல் ஒற்றை ஆள் உட்காரும் நாற்காலியோடு திறந்தது. 1995-இல் உரிமையாளர் விற்க முடிவு செய்தபோது, அங்கே வந்து சறுக்கியவர்களே கூட்டுறவு அமைத்துப் பங்கு போட்டு வாங்கினார்கள். ஒற்றை நாற்காலி லிஃப்ட் பழுதானதும், இருவர் உட்காரும் புதியதை வைக்கலாமே என்ற பேச்சு வந்தது. உறுப்பினர்கள் ஒற்றையே வேண்டும் என்று 2007-இல் அதைப் புதுப்பித்தார்கள். காரணம் ஏக்கம் மட்டுமில்லை. மேலே குறைந்த ஆட்கள் போனால் பாதையில் நெரிசல் குறையும், இயற்கைப் பனி சீக்கிரம் தேயாது. அங்கே செயற்கைப் பனி மிகக் குறைவு.

ஆக எனக்கு இப்போது தோன்றுவது இது. மலை யாருடையது, அவர்களுக்கு அதிலிருந்து என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி. பணம் வேண்டுமென்றால் மோசமான இரண்டு வருடம் போதும், மூடிவிடுவார்கள். பிள்ளைகள் சறுக்க வேண்டும் என்பதே போதுமென்றால் இரண்டு வருடம் காத்திருப்பார்கள். கயிறு பட்டினி கிடக்கும், செத்துப்போகாது.

5 ஜனவரி 2025, இரவு 7:00

"சின்ன மலையில் பழகினால் பெரிய ஆளாக முடியுமா?" என்று கேட்டவருக்கு:

வெர்மான்ட்டின் ரிச்மண்டில் காக்ரன் குடும்பம். மிக்கி, ஜின்னி என்ற தம்பதி 1961-இல் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரோப் டோ கட்டி, பள்ளி விட்டு வந்த பிறகும் பிள்ளைகள் பழக விளக்குப் போட்டார்கள். இறக்கம் 350 அடி சுமார். நான்கு பிள்ளைகள், நான்கு பேரும் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்குப் போனார்கள். 1972 சப்போரோவில் அவர்களில் பார்பரா ஆன், கம்பங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியில் தங்கம் வென்றார். வித்தியாசம் 0.02 நொடி. ஐம்பது வருடம் கழித்து, 2022 பெய்ஜிங்கில், அவர் மகன் ரயன் காக்ரன்-சீகிள் சூப்பர்-ஜி என்ற வேகப் போட்டியில் வெள்ளி. தங்கம் தவறியது 0.04 நொடியில். அம்மாவுக்குக் கிடைத்ததும் மகனுக்குத் தவறியதும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

ஏன் அங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு பதில். பெரிய மலையில் ஒரு நாள் சறுக்கினால் பத்துப் பன்னிரண்டு தடவை இறங்கலாம், மீதி நேரம் வரிசையிலும் நாற்காலியிலும் போகும். இங்கே என் மகள் ஒரு மாலையில் நாற்பது தடவை இறங்குவாள். எண்ணிக்கொண்டே ஏறுவாள். காக்ரன் மலை 1998 முதல் லாபநோக்கமற்ற அமைப்பு. வசதியில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவர்களின் கொள்கை. பெரிய மலைகளில் அன்றன்று வாங்கும் ஒருநாள் சீட்டு 200 டாலரைத் தாண்டிப்போன காலத்தில் அதன் அருமை தெரியும்.

இன்னொன்று, சேர்த்துக்கொள்ளுங்கள். பார்பரா ஆனுக்கு முன்பு, 1952 ஆஸ்லோவில் இரண்டு தங்கம் வென்ற ஆண்ட்ரியா மீட் லாரன்ஸ், வெர்மான்ட்டில் பிகோ மலையைத் தொடங்கிய தம்பதியின் மகள். அவரும் சொந்த வீட்டு மலையில் வளர்ந்தவர்.

19 ஜனவரி, மாலை 5:50

தம்பி போட்ட படங்களைப் பார்த்தேன். மேலே இருக்கும் சரிந்த கொட்டகைதான் இன்ஜின் வீடு. தரையில் நான்கு போல்ட்டுகள் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, இன்ஜின் அதில் உட்கார்ந்திருந்தது. எப்போது மூடினார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. சறுக்குப் பாதை இருந்த இடத்தில் மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பருமனாக, பெரும்பாலும் வெள்ளை பிர்ச்சும் பாப்லரும் பைனுமாக இருக்கும். வெட்டவெளியில் முதலில் முளைப்பவை அவைதான். விழுந்து கிடக்கும் ஒன்றை அறுத்து வளையத்தை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குச் சில வருடம் முன்னால் கடைசிப் புல்வெட்டு நடந்திருக்கும். சக்கரங்களைக் கழற்றிவிடாதீர்கள். மரம் அவற்றைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

26 ஜனவரி, காலை 8:15

பைன் மரத்தில் 46 வளையமாம். கிட்டத்தட்ட எழுபதுகளின் பின்பாதி. பக்கத்து வீட்டுப் பெரியவரும் "பெட்ரோல் விலை ஏறியதும், அப்புறம் காப்பீட்டுக்காரன் கடிதம் அனுப்பியதும்" என்று சொன்னாராம். அவர் அப்பாதான் அந்தக் கயிற்றை ஓட்டியவர் என்று இப்போது தெரியவருகிறது! ஐந்து மாதம் பக்கத்து வீட்டில் இருந்தும் சொல்லவில்லை பாருங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். அவரிடம் பழைய படம் இருந்தால் தேதி, பெயர்களோடு எழுதி வைத்துவிடுங்கள்.

9 பிப்ரவரி, இரவு 9:20

ஒன்றரை அடி பனி. இந்த வாரம் குன்று திறக்கிறது. தம்பி உதவிக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார், பெரியவரையும் கூட்டிக்கொண்டு.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு வாருங்கள். கயிறு ஒரு இடத்தில் இழை பிரிந்திருக்கிறது, புதிதாகப் பின்ன வேண்டும். முடிச்சுப் போட முடியாது, முடிச்சு கப்பியில் சிக்கும். பழைய இழையைப் பிரித்துப் புதியதை நீளமாகப் பின்னிச் சேர்க்க வேண்டும், தடிமன் மாறக்கூடாது. எங்களில் அது தெரிந்தவர் இரண்டே பேர், ஒருவருக்குக் கண் சரியில்லை. பெரியவருக்கு அப்பா சொல்லிக்கொடுத்திருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

தோல் கையுறை இரட்டையாக. சால்வை வேண்டாம்.